ஓட்டு இல்லாதவர்களுக்காக ஒரு பதவி

எங்கள் மனநல ஆலோசகர் சங்கத்தின் தலைவர் பதவிக்கு இந்த முறை நான் நிற்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. விருப்பப்பட்டுத்தான் நிற்கிறேன்.

இதை இப்படி நேராகச் சொல்வது நம் பக்கத்தில் வழக்கமில்லை. கோயில் திருப்பணிக் குழுவானாலும் குடியிருப்போர் நலச் சங்கமானாலும், பதவியை விரும்புகிறவர் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்ள வேண்டும். "எல்லாரும் சொல்றீங்க, தட்ட முடியலை" என்று அதன் பிறகு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆலோசகர்களிடம் இந்தக் கூச்சம் இன்னும் கூடுதல். எங்கள் பயிற்சியின் முதல் பாடமே தன்னை ஒதுக்கிவைப்பது. எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவார், நாங்கள் கேட்போம்; அறிவுரை கூடாது, தீர்ப்பு கூடாது, நம் சொந்தக் கதையை நடுவில் நுழைக்கக் கூடாது. வருடக்கணக்கில் இப்படிப் பழகிய ஒருவர் எழுந்து நின்று "எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்றால், அது தொழிலின் குணத்துக்கே பொருந்தாது என்று சிலருக்குப் படுகிறது. நான் மிகவும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் கேட்டே விட்டார்: "நமக்கெதுக்கும்மா இந்த நாற்காலி ஆசை? கேட்கிறதுதானே நம்ம வேலை."

அவர் அக்கறையோடு கேட்ட கேள்வி. அதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆசையைப் பற்றி. எங்களிடம் வரும் ஒருவர், "எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம், எல்லாம் அவங்களுக்காகத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அந்தச் சொல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகத் தேடுவோம். மகனுக்காகவே வாழ்ந்ததாகச் சொல்லிக்கொண்டு, கல்யாணமான மகனின் சம்பளத்திலிருந்து படுக்கையறை வரை நிர்வகிக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அந்த அதிகாரத்தைப் பற்றிப் பேசவே முடியாது; தியாகம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. பதவியிலும் இதுவே நடக்கிறது. வேண்டாவெறுப்பாக வந்தவர்போல் உட்கார்ந்தவரிடம் இரண்டு வருடம் கழித்து "ஏன் ஒன்றும் நடக்கவில்லை?" என்று கேட்டால், "நானா கேட்டேன்?" என்பார். கேட்டு வாங்கியவருக்கு அந்த வழி கிடையாது. எனக்கு இந்தப் பதவி வேண்டும். என் பேச்சுக்கு மதிப்பிருக்கும் இடத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டால்தான், அந்தப் பிடித்தத்தைக் கண்காணிக்கவும் மற்றவர்களால் முடியும்.

அடுத்து, கேட்பவர் தலைமை ஏற்கலாமா என்பது. கார்ல் ரோஜர்ஸை விடக் கேட்பதைப் போற்றியவர் எங்கள் துறையில் இல்லை. அவர் 1928-லிருந்து அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில், கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கான ஓர் அமைப்பில் வேலை பார்த்தார். அங்கே வழிகாட்டு மையம் ஒன்று தனியாக உருவானபோது, மருத்துவர் அல்லாத ஒருவர் அதற்குத் தலைமை வகிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. ரோஜர்ஸ் ஒதுங்கிப்போகவில்லை. அந்த இடத்துக்காக வாதாடினார், மையத்தின் இயக்குநரும் ஆனார். உளவியலாளர்கள் சிகிச்சை செய்யலாமா என்ற சண்டை அன்று மனநல மருத்துவர்களோடு நடந்துகொண்டிருந்தது. 1942-ல் வந்த அவருடைய நூல் ஆலோசனையையும் உளச்சிகிச்சையையும் ஒரே தலைப்பில் சேர்த்துப் பேசியது. 1947-ல் அவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர். எதிரே இருப்பவர் மனம் கோணாமல் மணிக்கணக்கில் கேட்கத் தெரிந்த அதே மனிதர்தான், குழு அறையில் தன் இடத்துக்காகப் பேசவும் தெரிந்தவராக இருந்தார்.

ஆனால் என்னை நிற்க வைத்தது ரோஜர்ஸ் அல்ல. ஒரு தாய்.

எங்களுடையது சிறிய சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ்ப் பதிவு செய்தது. வருடத்துக்கொரு பொதுக்குழு, மினிட்ஸ் புத்தகம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல், ஒரு கருத்தரங்கு, பொன்னாடை. உறுப்பினர்கள் பலவகை. பள்ளி, கல்லூரிகளில் இருப்பவர்கள், குடிநோயாளிகளோடு மறுவாழ்வு மையங்களில் இருப்பவர்கள், குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள், அருட்சகோதரிகள், வீட்டின் முன்னறையிலேயே கவுன்சலிங் பார்ப்பவர்கள், அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மனிதர்களோடு பேசும் ஒப்பந்த ஊழியர்கள். தமிழ்நாட்டில் ஆலோசகர் என்ற வேலையை ஏழை எளியவர்கள் பெரிய அளவில் முதலில் பார்த்தது இந்த நம்பிக்கை மையங்களில்தான் என்று நினைக்கிறேன். அவர்களில் பலர் இன்றும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள்.

அந்தத் தாய் என்னிடம் வந்தது சில வருடங்களுக்கு முன். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மகள் விடுதியில் தங்கிப் படித்தவள். கல்லூரி ஆலோசகரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறாள். ஒன்று, தான் ஒருவனை விரும்புவது. இன்னொன்று, சில இரவுகளில் உயிரோடு இருக்கவே பிடிக்காமல் போவது. இரண்டாவதைக் கேட்ட ஆலோசகர் செய்ய வேண்டியதில் குழப்பமே இல்லை. அந்த எண்ணம் எவ்வளவு தீவிரம் என்று அவளோடு பேசி அறிய வேண்டும், தனியாக விடக் கூடாது, அவளிடம் சொல்லிவிட்டே பெற்றோரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியக் காப்பு தளரும். அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. நடந்தது தலைகீழ். உயிர் பற்றிய பேச்சு அந்த அறையோடு நின்றுவிட்டது. காதல் பற்றிய பேச்சு மறுநாள் நிர்வாகத்தின் மேசைக்குப் போனது. பெண்ணை விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

பெண் பிழைத்தாள், இன்று வேறு ஊரில் படிப்பை முடித்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆலோசகரிடமும் வாய் திறக்கவில்லை. தாய் அதற்குத்தான் வந்திருந்தார். மகளை மறுபடி பேச வைக்க முடியுமா என்று கேட்டார். பிறகு எழுந்திருக்கும்போது கேட்டார்: "இதை நான் எங்கே போய்ச் சொல்றது, மேடம்?"

டாக்டர் மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. வக்கீல் என்றால் பார் கவுன்சில். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பதிவு இருக்க வேண்டும். 1992-ல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் பதிவு செய்யச் சொல்லும் வரிசையில் மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் எல்லாம் உண்டு, ஆலோசகர் இல்லை. 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையம் அமைக்க ஒரு சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் நடத்தைநலப் பிரிவின் கீழ் ஆலோசகர்களுக்கும் இடம் கிடைத்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மாநிலங்கள் கவுன்சில் அமைப்பதில் காட்டிய தாமதத்துக்காக 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. நடைமுறையில் இன்றும் ஒரு வாரப் பயிற்சி முடித்த யாரும் போர்டு மாட்டிவிடலாம்.

அந்தக் கல்லூரி ஆலோசகர் உறுப்பினராக இருந்த அமைப்புக்கு எழுதும்படி தாயிடம் சொன்னேன். எழுதினார். பதிலே வரவில்லை. விசாரித்துப் பார்த்தால், புகார் என்ற ஒன்றை வாங்கிக்கொள்ளவே அங்கே யாரும் இல்லை. எங்கள் சங்கத்தின் விதிகளை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். சந்தா கட்டாதவரை நீக்க விதி இருக்கிறது. வருகிறவருக்குத் தீங்கு செய்தவரைக் கேள்வி கேட்க விதி இல்லை.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஓர் உத்தரவு காட்டியது. பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின ஈர்ப்பைப் பற்றித் தனக்குள் இருக்கும் முன்முடிவுகளைப் புரிந்துகொள்ள ஓர் உளவியலாளரிடம் தானே அமர்ந்து பேசிவிட்டு, அதன் பிறகு விரிவான உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதி அப்படிச் செய்ததை எங்கள் தொழிலுக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதையாக நான் இன்றும் நினைக்கிறேன். பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகளுக்குத் தடை, செய்கிறவர்களின் தொழில் உரிமத்தைத் திரும்பப் பெறுவது உட்பட நடவடிக்கை என்று உத்தரவு சொன்னது. படித்தபோது சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் வந்தது. ஆலோசகரிடம் திரும்பப் பெற உரிமம் என்று என்ன இருக்கிறது? பெற்றோர் இழுத்து வரும் பிள்ளைகள் பலர் முதலில் உட்காருவது எங்கள் அறைகளில்தானே?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஊருக்கு ஊர் ஆட்கள் தேவைப்படுவார்கள். தேவை கூடும்போது அவசரச் சான்றிதழ்களும் கூடும். இந்த நேரத்தில் சங்கம் கருத்தரங்கு நடத்திக்கொண்டு மட்டும் இருக்க முடியாது.

இங்கேதான் என் மனதில் உள்ள முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கத்தில் ஓட்டு யாருக்கு? ஆலோசகர்களுக்கு. சங்கம் யாரைக் காக்க வேண்டும்? எங்கள் முன்னால் வந்து உட்காருகிறவர்களை. அவர்களுக்கு ஓட்டு இல்லை. பொதுக்குழுவில் இடம் இல்லை. எங்கள் சங்கம் ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தலைவர் பதவிக்கு நிற்கிறவர் ஒரு கூட்டத்தாரிடம் ஓட்டுக் கேட்டு, இன்னொரு கூட்டத்தாருக்குக் கடமைப்படுகிறார். இருவர் நலனும் பெரும்பாலான நாட்களில் ஒன்றாகவே போகும். ஒன்றாகப் போகாத அந்தச் சில நாட்களுக்காகத்தான் தலைவர் என்று ஒருவர் தேவை.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நிர்வாகக் குழு, தன்பாலின ஈர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு முந்தைய வருடம் டல்லாஸ் நகரில் நடந்த சங்க மாநாட்டில் ஜான் ஃப்ரையர் என்ற மருத்துவர் முகமூடி அணிந்து, குரலை மாற்றி, தானும் அப்படிப்பட்டவர்தான் என்று பேசியிருந்தார். சொந்தச் சங்கத்தின் மேடையில் சொந்த முகத்தோடு நிற்க முடியாத நிலை. நிர்வாகக் குழுவின் முடிவை ஏற்காத உறுப்பினர்கள் வாக்கெடுப்பு கேட்டார்கள். 1974-ல் நடந்த அந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் முடிவை ஆதரித்தார்கள். மனசு ஆறுகிறது. ஆனால் மறுபக்கமும் பார்க்க வேண்டும்: லட்சக்கணக்கான மனிதர்கள் நோயாளிகளா இல்லையா என்று அவர்களைக் கேட்காமலே ஒரு தொழிலின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள், பத்தில் நால்வர் நோய்தான் என்றார்கள். அந்த நிர்வாகக் குழு உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் எத்தனை வருடம் தள்ளிப்போயிருக்கும்?

எதிர்மாறான உதாரணம், ரோஜர்ஸ் தலைமை வகித்த அதே உளவியல் சங்கத்தில் நடந்தது. பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களை விசாரிக்கும் இடங்களில் உளவியலாளர்கள் பங்கேற்கலாமா என்று முடிவு செய்ய 2005-ல் ஒரு பணிக்குழு அமைத்தார்கள். ஓட்டுரிமை பெற்றிருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் ராணுவம் அல்லது உளவு அமைப்புகளோடு தொடர்புடையவர்கள். 2015-ல் வழக்கறிஞர் டேவிட் ஹாஃப்மேன் தலைமையில் வந்த தனி அறிக்கை, சங்கத்தின் பொறுப்பாளர்கள் பாதுகாப்புத் துறைக்கு ஏற்றபடி நெறிமுறைகளைத் தளர்வாக வைத்தார்கள் என்றது. பெயர் அடிபட்டவர்களில் சிலர் அதை மறுத்து வழக்குத் தொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிக்கை வந்த அடுத்த மாதமே சங்கப் பேரவை, தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்பதற்குத் தடை விதித்தது: ஆதரவாக 157 ஓட்டு, எதிர்த்து ஒன்று. அந்த 157 பேரில் பலர் முந்தைய பத்து வருடங்களும் அதே சங்கத்தில் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தொழிலுக்கு அங்கீகாரமும் வேலைவாய்ப்பும் தருகிற பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிவு வரும்? எங்கள் அளவில் அந்தப் பெரிய இடம் ஒரு கல்லூரி நிர்வாகமாக இருக்கும், ஆலோசகர் பணியிடங்களை ஒதுக்கும் ஒரு துறையாக இருக்கும். சோதனை ஒன்றுதான்.

ஓட்டுக் கேட்பதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு, வெளியே இருப்பவர்களுக்கு இது எளிதில் தெரியாது. எங்கள் உறுப்பினர்களில் கணிசமானவர்கள் என்னிடம் பயிற்சி பெற்றவர்கள். ஆலோசகர் பயிற்சி என்பது பாடம் மட்டும் இல்லை. அதில் தன்னையே திறந்து பார்க்கும் அமர்வுகள் உண்டு. அப்பாவின் குடி, சிறு வயதில் நடந்த அத்துமீறல், முறிந்த திருமணம் என்று அவர்கள் அழுத அழுகையை நான் கேட்டிருக்கிறேன். இப்போதும் சிலர் என்னிடம் சூப்பர்விஷனுக்கு வருகிறார்கள். செஷனில் எங்கே தடுமாறினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவருக்கு போன் போட்டு "உன் ஓட்டு எனக்குத்தானே?" என்று கேட்டால், அவரால் இல்லை என்று சொல்ல முடியுமா? ஒரே மனிதரோடு இரண்டு உறவு வைத்துக்கொள்ளாதே என்று பல நாட்டு நெறிமுறைகளும் எங்களுக்குச் சொல்வது இதனால்தான். சின்ன ஊரில் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது. ஆனால் எல்லை போட முடியும். என்னிடம் சூப்பர்விஷன் பெறும் யாரிடமும் நான் ஓட்டுக் கேட்பதில்லை, என்னை முன்மொழியவும் அவர்களை விடவில்லை. ரகசிய வாக்குச்சீட்டு வேண்டும் என்று தேர்தல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைதூக்கிக் காட்டும் பழைய முறை எனக்குச் சாதகமானது என்பது எனக்குத் தெரியும்.

உரிமத்தைப் பற்றி நான் இன்னும் தீர்மானமாகப் பேச முடியாத ஒரு பக்கம் உண்டு. அமெரிக்காவில் ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கிய முதல் மாநிலம் வர்ஜீனியா, 1976-ல். கடைசி மாநிலம் கலிஃபோர்னியா, 2009-ல். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அவர்களுக்குக் கட்டணம் தரத் தொடங்கியது 2024 ஜனவரியில். ஒரு தலைமுறைக்கும் மேலாகச் சங்கங்கள் விடாமல் உழைத்துச் சாதித்தது அது, நமக்கும் வேண்டியது. ஆனால் ரோஜர்ஸே 1970-களின் தொடக்கத்தில், சான்றிதழோடு இருக்கும் போலிகளும் சான்றிதழ் இல்லாத போலிகளும் ஒரே அளவில் இருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். அதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. நாளைக்குப் பதிவு வரும்போது பட்டப்படிப்பின் பெயரை மட்டும் பார்த்தால், நம்பிக்கை மையத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து, அந்த முடிவுக் காகிதத்தை நடுங்கும் கையில் கொடுத்து, கூடவே இருந்த பெண்களில் சிலர் வெளியே நிற்பார்கள். புதுப் பட்டத்தோடு வரும், ஒரு நெருக்கடியைக்கூடக் கண்டிராதவர் உள்ளே போவார். அனுபவசாலிகளுக்கு இணைப்புப் படிப்பும் தேர்வும் வைத்து வழிவிட வேண்டும் என்பது என் கருத்து. இதில் எனக்கு ஓட்டுப் போடக்கூடிய தனியாகத் தொழில் செய்யும் ஆலோசகர்கள் பலருக்கு உடன்பாடில்லை. தேர்தலுக்கு முன்பே அவர்களிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

பதவிக்கு வந்தால் முதலில் செய்ய நினைப்பது புகார்க் குழு. ஐந்து பேர், அதில் இருவர் ஆலோசகர்கள், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் மனநல மருத்துவர், ஒருவர் ஆலோசனை பெற்ற அனுபவம் உள்ளவர். எங்கள் தொழிலைச் சேராதவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்தது. உறுப்பினர் ஒவ்வொருவரின் அறையிலும், புகார் சொல்ல வேண்டிய முகவரி தமிழில், வருகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். விசாரணை முடிவு பெயர் இல்லாமலாவது உறுப்பினர்களுக்கு வெளியிடப்பட வேண்டும். இதனால் சிலர் விலகிப்போவார்கள், சந்தா வருமானம் குறையும் என்று பொருளாளர் எச்சரித்தார். குறையலாம்.

இதற்கான விதித் திருத்த வரைவைப் படித்த இளைய ஆலோசகர் ஒருத்தி, "அக்கா, புகார் உங்க மேலயே வந்தா?" என்று கேட்டாள். என்னைப் பற்றி வந்தது என்றால் அது என் கைக்கே வராது, வழக்கறிஞர் உறுப்பினரிடம் நேராகப் போகும். விசாரணை முடியும்வரை நான் பதவியிலிருந்து ஒதுங்கியிருப்பேன். அதுவும் விதியிலேயே எழுதியிருக்கிறது என்று பக்கத்தைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "ஒதுங்கியிருக்கலாம்னு இருக்கு, ஒதுங்கியிருக்க வேண்டும்னு மாத்துங்க" என்றாள். மாற்றினேன். விதித் திருத்தத்துக்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கான அறிவிப்பை வேட்புமனுவிலிருந்து தனியாகக் கொடுத்திருக்கிறேன். நான் தோற்றாலும் அது ஓட்டுக்கு வரும்.